மாரிக்கு முன் வீட்டைப் பாருங்கள்



புரட்டாதி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணாந்ததே அண்ணாந்தீர்கள், அப்படியே கொஞ்சம் கூரையையும் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வடக்கிலும் கிழக்கிலும் ஓராண்டில் பெய்கின்ற மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சேருகிறது. எங்கள் கரையைத் தாக்கிய புயல்களில் வயதானவர்கள் இன்றும் சொல்கிறவற்றை எண்ணிப் பாருங்கள். 1964, 1978, 2000, 2008, 2020, கடைசியாக 2025 இல் டிட்வா. எல்லாமே நவம்பரிலும் டிசெம்பரிலும் வந்தவை. ஆகவே எங்களுக்குத் தவணை தெரியும். தவணை தெரிந்த கடன்காரனுக்கு முன்கூட்டியே காசு தேடி வைப்பதுபோல மாரிக்கும் முன்கூட்டியே ஆள் தேடி வைக்கவேண்டும்.

ஆனால் ஆள் தேடுவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. முன்பு வீட்டில் ஒரு ஆண் இருந்தார். ஓடு விலகினால் அவரே ஏறி மாற்றுவார். பெரிய வேலை என்றால் தெரிந்த மேசனைக் கூட்டிக்கொண்டு வந்து, கூலி பேசி, பக்கத்தில் நின்று வேலை வாங்குவார். எங்களுக்குத் தேநீர் கொடுக்கிற வேலை மட்டும். இன்று அந்த இடத்தில் நாங்கள் நிற்கிறோம். சீமெந்துக் கலவை என்ன, ஒரு கியூப் மணல் என்றால் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு கொடுப்பது என்று எவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அது எங்களுக்குத் தெரியாது என்பது வேலைக்கு வருகிற சிலருக்கு நன்றாகத் தெரியும்.

நான் கட்டிட வேலை படித்தவள் அல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள். 2010 இல் மெனிக் பாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் காணியில் மிஞ்சி நின்றது கிணறும் ஒரு அரைச் சுவரும்தான். மூன்று மாரி தறப்பாளுக்குள் போனது. 2013 இல் வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. பிறகு எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். மேசன்மாரோடு பேசுவதும், மணல் பெட்டிக்குள் ஏறி நின்று அளப்பதும் அப்போது பழகியவை.

இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்ரோபரில் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். புதிய வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா, திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். வீட்டுக்காரியே ஆள் பிடித்துக் கட்டவேண்டும். வேலை ஏறும் படிக்கு ஏற்பக் காசு வங்கிக் கணக்கில் விழும். நல்ல முறைதான். எங்கள் பெயரில் புத்தகம், எங்கள் கையெழுத்து. ஆனால் ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் அத்திவாரம் வெட்டினால் மேசனுக்கு எங்கே போவது? கூலி ஏறியது, மணலும் கல்லும் ஏறின. வெளியூர்களில் இருந்து கொந்தராத்துக்காரர் வந்து, ஒருவரே பத்துப் பன்னிரண்டு வீடுகளைப் பொறுப்பெடுத்தார்கள். எங்களிலும் பலர் கொடுத்த காசுக்குரிய அளவைத் தாண்டி இன்னொரு அறை, முன்விறாந்தை என்று அத்திவாரத்தை நீட்டினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்குச் சீதனம் என்று எழுத அந்த வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நீட்டிய அத்திவாரத்துக்குக் காசு கடனாகத்தான் வந்தது.

எங்கள் வீதியில் நான்காவது வீட்டுத் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொந்தராத்துக்காரர் நல்லாகத்தான் பேசினார். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், காசு விழுந்த உடன சொல்லுங்கோ, நான் சாமானெல்லாம் மொத்தமாய் எடுத்தால் விலை குறையும்" என்றார். முதற் காசும் இரண்டாம் காசும் விழுந்த அன்றே அவர் கைக்குப் போயின. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும் ஆளைக் காணவில்லை. தொலைபேசி முதலில் அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை. அடுத்த படிக்கு வேலை ஏறாமல் அடுத்த காசு வராது. மழையும் தொடங்கிவிட்டது. தாலிக்கொடியை அடகு வைத்து அவள் லிண்டல் போட்டாள். அந்தக் கொடி திரும்பி வரவில்லை. அவளுடைய கணவன் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை பதில் இல்லாதவள் அவள். கொடியைக் கழற்றியதற்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி இப்படி ஒருத்திக்கும் நடக்கக்கூடாது என்று நாங்கள் எங்கள் வீதியில் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம்.

யாரை விசாரிப்பது?

மேசனைப் பற்றி மேசனின் நண்பனிடம் விசாரிப்பதில் பயனில்லை. அவர் போன வருடம் வேலை செய்த வீட்டுக்குப் போங்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள், அதுவும் குசினிக்குள் இருந்து கேளுங்கள். சொன்ன நாளில் வந்தாரா, ஒரே நேரத்தில் எத்தனை வீட்டில் வேலை பிடித்திருந்தார், பின்னேரம் குடித்துவிட்டு வருவாரா, இடையில் கூலியை ஏற்றிக் கேட்டாரா, மழைக்கு ஒழுகியதா? ஐந்து கேள்வி போதும். முடிந்தால் சுவரையும் கையால் தட்டிப் பாருங்கள். பூச்சு பொள்ளலாகச் சத்தம் போட்டால் அது சுவரைப் பிடிக்கவில்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் படித்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கிற இளைஞர்களும் இப்போது இருக்கிறார்கள். சான்றிதழ் இருப்பது நல்லது. ஆனாலும் அவர் கட்டிய சுவரைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது, எந்த முறையில் கொடுப்பது என்பது. சிறிய திருத்தத்துக்கு நாட்கூலி சரி. ஆனால் நாட்கூலியில் வேலை இழுபடும், ஆகவே "இந்த முகடு, இந்தப் பீலி, இரண்டு நாள்" என்று முதலே பேசிவிடவேண்டும். பெரிய வேலைக்கு இரண்டு வகைக் கொந்தராத்து உண்டு. பொருளும் அவரது, கூலியும் அவரது என்பது ஒன்று. பொருள் எங்களது, கூலி மட்டும் அவரது என்பது மற்றது. பெண்கள் பலர் தலையிடி இல்லை என்று முதலாவதைத்தான் விரும்புகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடைக்குப் போய்ப் பற்றுச்சீட்டு எடுத்து, மூடை எண்ணி இறக்குவது அலைச்சல்தான். ஆனால் 2022 இல் என்ன நடந்தது? 2021 இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை அடுத்த ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டியது. பொருளோடு சேர்த்துப் பேசிய கொந்தராத்துக்காரர் எத்தனை பேர் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள்? எல்லோரையும் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன், சிலருக்கு உண்மையில் கட்டவில்லை. ஆனால் கொடுத்த காசுக்குச் சாமானும் இல்லாமல், வேலையும் இல்லாமல் நின்றது வீட்டுக்காரிதான். பொருள் எங்கள் கையில் இருந்தால் மேசன் போனாலும் சீமெந்து எங்களோடு இருக்கும்.

காசு வேலைக்குப் பின்னால் போகவேண்டும்

ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்திருங்கள். எந்த நேரத்தில் கணக்குப் பார்த்தாலும், முடிந்த வேலையின் பெறுமதி நீங்கள் கொடுத்த காசைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். கூலிக் கொந்தராத்து ஒரு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் நாளில் பத்தாயிரம், பழைய கூரை இறக்கி மரவேலை முடிந்ததும் முப்பதாயிரம், ஓடு போட்டு முடிந்ததும் முப்பதாயிரம், முகட்டுப் பூச்சும் பீலியும் முடிந்ததும் இருபதாயிரம். மிச்சம் பத்தாயிரம் முதல் மழை பெய்து ஒழுகாமல் இருந்தால்தான். இப்படி முதலே சொன்னால் நல்ல மேசன் கோபிக்கமாட்டார். எங்கள் பக்கத்து வயதான மேசன் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, ஒழுகாது எண்டு எனக்குத் தெரியும், அந்தக் காசை நீ வைச்சிரு, எனக்கும் மாரியில கை செலவுக்கு ஆகும்" என்றார். முகம் கறுக்கிறவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய ஆட்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பது உண்மை. அவரும் வயிற்றுப்பாட்டுக்காரர். அதனால்தான் படிகளைச் சிறிதாக வைக்கச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் ஒரு படி முடிவதுபோல் பிரித்தால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

பேசியதைக் கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பியே போதும். என்ன வேலை, எத்தனை நாளில், மொத்தக் கூலி, எந்தப் படிக்கு எவ்வளவு, சாப்பாடு எங்களதா அவரதா, பழைய ஓடும் மரமும் யாருக்கு என்று எழுதி, அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்து, இருவரும் கையெழுத்து வைத்து, பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சிக்குப் போடவேண்டும். பழைய மரம் யாருக்கு என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு பாலை மரத் தீராந்தியால் எங்கள் வீதியில் இரண்டு கிழமை சண்டை நடந்தது. காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி அவருடைய கையெழுத்து. "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்பார். "என்ர மறதிக்குத்தான் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே பேனையை நீட்டுங்கள்.

அளவுநாடா ஒன்று வாங்குங்கள்

சேலை ஒன்று வாங்குகிற காசில் சின்னப் பங்கு கூட வராது. ஒரு கியூப் மணல் என்றால் 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியில் மணல் வரும்போது, கொட்டுவதற்கு முன் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 60 கன அடிதான். அதை ஒரு கியூப் என்று விலை சொன்னால் 40 கன அடிக்கு நீங்கள் காற்றை வாங்குகிறீர்கள். நான் முதல்முறை பெட்டியில் ஏறியபோது சாரதித் தம்பி, "அக்கா, விழுந்து போவியள், இறங்குங்கோ" என்று பெரிய கரிசனை காட்டினார். இறங்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீதிக்கு வரும் மணல் கொஞ்சம் கூடித்தான் வருகிறது.

மணலின் தரத்தையும் பார்க்கலாம். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அரைவாசிக்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு கரண்டி உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி, சில மணித்தியாலம் அசையாமல் விடுங்கள். மணல் அடியில் படியும், அதற்கு மேல் சேறு தனிப்படையாக நிற்கும். சேற்றுப் படை மணலின் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் பூச்சுக்கு உதவாது, வெடிக்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும்.

சீமெந்து மூடையை நிலத்தில் படாமல் பலகை போட்டு, சுவரில் சாயாமல் அடுக்குங்கள். மாதக்கணக்கில் கிடந்து கட்டிபட்ட சீமெந்தை இடித்துத் தூளாக்கிப் போட்டால் பலம் வராது. பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து, லிண்டல் கொங்கிறீற்றுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்பது பொதுவான கலவை. சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. மண்வெட்டியால் குத்துமதிப்பாகப் போடாமல் வாளியால் அளந்து போடச் சொல்லுங்கள். குழைத்த கலவை இறுகிய பிறகு தண்ணீர் ஊற்றித் திரும்ப இளக்கினால் தடுக்கவேண்டும். வெறும் மூடைகளை வேலை முடியும்வரை எறியவிடாதீர்கள். பத்து மூடை வாங்கியிருந்தால் பத்து வெறும் பை இருக்கவேண்டும். ஒன்பது இருந்தால் பத்தாவது வேறெங்கோ வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

பூசிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாட்கள் தண்ணீர் விடவேண்டும். இதை மேசன் செய்யமாட்டார், நாங்கள்தான் செய்யவேண்டும். வன்னியில் ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றிப்போகும். குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் சுவருக்கு ஊற்றச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால்தான் பெரிய வேலையைப் பொங்கல் கழிந்தபின், கிணற்றில் தண்ணீர் நிற்கும் மாசி, பங்குனியில் செய்யச் சொல்கிறேன். காலபோக அறுவடை முடியும்வரை கூலியாள் கிடைப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் பிடித்து ஊதும். அப்போது கூரையைத் திறந்தால் தகரம் அடுத்த காணிக்குப் போகும்.

வீட்டுக்குள் ஆண்கள் வந்து போகும்போது

இதையும் எழுதத்தான் வேண்டும். தனியே இருக்கும் பெண் வீட்டில் நான்கு ஆண்கள் பத்து நாள் வேலை செய்தால் வேலி ஓரத்தில் கதை வரும். அதற்குப் பயந்து ஒழுகும் கூரைக்குள் இருப்பவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் செய்வது இதுதான். ஒரு வீட்டில் வேலை நடக்கும் நாட்களில் வீதியில் இருந்து இன்னொரு பெண் முறை வைத்து அந்த வீட்டில் இருப்பார். தையல் இருந்தால் அங்கே கொண்டுபோய்த் தைப்பார். காசுப் பேச்சு எப்போதும் இரண்டு பெண்கள் இருக்கும்போது பகலில்தான். "வேலை விஷயம்" என்று இரவில் தொலைபேசி எடுத்தால், "காலமை வந்து கதையுங்கோ" என்று வைத்துவிடலாம். அதையும் மீறினால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது. சங்கத்துக்குச் சொல்லுங்கள். வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல.

வேலை செய்கிறவர்களை மரியாதையாக நடத்துவதும் எங்கள் வழக்கம். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர், குடிக்கச் சுத்தமான தண்ணீர். கையாளாக வருகிற பெண்களுக்கு ஆண் கையாளைவிடக் குறைந்த கூலி கொடுப்பதை நான் இன்னும் காண்கிறேன். அதே கல்லைத்தானே அவளும் சுமக்கிறாள்? பெண்களே பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது? எங்கள் பக்கத்தில் ஒரு தங்கச்சி மேசன் வேலையே பழகி, இப்போது பூச்சு வேலைக்கு அவளைத்தான் கூப்பிடுகிறோம். மூலை பிடிப்பதில் அவளுக்கு நிகர் இல்லை.

கூரை தொடக்கம் கிணறு வரை

ஆவணிக் கடைசியில் ஒருநாள் கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மத்தியானம் உள்ளே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் மழையும் விழும். எங்கள் ஊரில் ஓட்டுக்கு எதிரி மழையைவிடக் குரங்கு. ஒரு கூட்டம் ஓடிப் போனால் பத்து ஓடு போகும். மாற்று ஓடு இருபது எப்போதும் சுவரோரம் அடுக்கி வைத்திருங்கள், அதே அச்சு ஓடு பிறகு கிடைக்காது. முகட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருந்தால் காற்றுக்கு முதலில் கிளம்புவது அதுதான். கூரை மரம் சுவரோடு கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புயலில் கூரை கீழே விழுவதைவிட மேலே கிளம்பிப் போவதே அதிகம்.

அஸ்பெஸ்ரஸ் தகடு போட்ட வீடுகளில் ஒரு எச்சரிக்கை. அதை அரமிட்டு வெட்டவோ, உடைக்கவோ, காய்ந்த பாசியைத் தும்புத்தடியால் சுரண்டவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாற்றத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து, முழுத் தகடாக இறக்கவேண்டும், பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டு.

பீலியில் நிற்கும் சருகை அள்ளாமல் விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்குவதோடு டெங்கு நுளம்புக்கும் தொட்டில் கட்டிக் கொடுத்ததாகும். சுவரில் மண் கோடு ஏறினால் கறையான். அந்தக் கோட்டைத் தட்டிவிட்டு வெள்ளை அடித்தால் அது உள்ளால் ஏறும். விறகை வீட்டுச் சுவரில் இருந்து தள்ளி அடுக்குங்கள். மர நுனிகளுக்குக் கழிவு ஒயில் பூசுவது எங்கள் வழக்கம், ஆனால் கிணற்றுப் பக்கம் அது சிந்தக்கூடாது. மின்சாரத்தில் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழவேண்டும். விழாவிட்டால் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், மேசனின் தம்பியை அல்ல. கிணற்றுக் கட்டில் வெடிப்பு இருந்தால் மழைக்கு முன் பூசுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் குளோறின் போடாமல் குடிக்கவேண்டாம்.

மலசலகூடக் குழிக்கோ வாய்க்காலுக்கோ புதிதாக நிலம் வெட்டும்போது இரும்பு தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. பழைய இரும்புக்கு நல்ல விலை என்று எடுத்துப் பார்க்க நிற்கும் கையாளைத் தடுத்து, இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். இதில் கூச்சமோ அவசரமோ வேண்டாம்.

இத்தனை செய்தும் ஒருவர் காசை வாங்கிக்கொண்டு வேலையை விட்டால்? மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை அவை. சட்டத்தரணி தேவையில்லை, கட்டணம் கேட்கமாட்டார்கள். அங்கே முதலில் கேட்பது கடுதாசி. எங்கள் சங்கத்தில் இருந்து அப்படிப் போன ஒருவர், கொப்பியில் ஐந்து கையெழுத்தையும் விரித்துக் காட்டினார். எதிர்ப்பக்கத்தார் மறுக்க முடியாமல் மூன்று தவணையில் காசைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். நான்காவது வீட்டுத் தங்கச்சியிடம் அன்று அப்படியொரு கொப்பி இருக்கவில்லை.

இப்போது எங்கள் வீதியில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. சீட்டுப் போலத்தான், ஆனால் சீட்டில் மாதம் ஒருவருக்குத்தான் கழியும், மழையோ எல்லோர் வீட்டிலும் ஒன்றாகப் பெய்யும். ஆகவே தை தொடக்கம் ஆவணி வரை பன்னிரண்டு வீடும் மாதம் 600 ரூபா சங்கக் கணக்கில் போடுகிறோம். எட்டு மாதத்தில் 57,600 ரூபா. புரட்டாதியில் ஒரு மேசனையும் ஒரு கையாளையும் ஆறு நாளுக்குப் பிடிக்கிறோம், வீட்டுக்கு அரை நாள். தனி வீட்டின் அரை நாள் வேலைக்கு ஒரு மேசனும் வரமாட்டார், ஆறு நாள் என்றால் வருவார். மிச்சக் காசில் சீமெந்து எடுத்துப் பொதுவில் வைக்கிறோம். ஓடு அவரவர் செலவு. ஏணி ஒன்றும் அளவுநாடா ஒன்றும் சங்கத்துச் சொத்து. யார் வீடு முதலில் என்ற சண்டை முதல் ஆண்டில் வந்தது. கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் ஆள் உள்ள வீடு, பிறகு மற்றவை என்று தீர்த்தோம். ஒரு மாதம் 600 போட முடியாதவர் மேசனின் மத்தியானச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பார். அதைக் கடனாக நாங்கள் எழுதுவதில்லை.

ஒரு நாள் கூலியை மட்டும் பிடித்து வைப்போம். முதல் பெரிய மழை பெய்த மறுநாள் இருவர் கொப்பியோடு பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். ஒழுகும் வீட்டுக்கு மேசன் திரும்ப வரவேண்டும். பன்னிரண்டுக்கும் சரி போட்டபின் அந்தக் காசைக் கொண்டுபோய் அவர் மனைவியின் கையில் கொடுக்கிறோம். அது மனைவி கேட்டதல்ல, மேசனே கேட்டுக்கொண்டது.